இடித்தாலும் கேஸ் இல்லை!

வண்டி ஓடியது பத்து நொடிகூட இருக்காது. முதல் மணல்மேட்டில் முக்கி முனகி ஏறியது. உச்சியில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒருவன் மீது மோதியதில் அவன் தலை ஒரு பக்கமும் கை ஒரு பக்கமுமாகப் பறந்தன. இரண்டாவது மேட்டில் பாதி ஏறுவதற்குள் பெட்ரோல் முள் படுத்துவிட்டது. வண்டி மெல்லப் பின்னுக்கு உருண்டு பள்ளத்தில் போய் நின்றது. உடனே திரையில் கணக்கு விழுந்தது: இத்தனை தூரம், இத்தனை பேர், இவ்வளவு பணம். விளையாட்டுக் கணக்கில் முதல் நாள் அவ்வளவுதான்.

"மாமா, மொதல்ல டேங்க்க வாங்குங்க. இன்ஜின அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் அக்கா மகன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். லீவுக்கு வந்தவன் என் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு, என்னையே பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். நான் கேட்கவில்லை. கார் வாங்கினால் இன்ஜினைத்தானே பார்க்க வேண்டும் என்று இருந்த காசையெல்லாம் அதில் போட்டேன். இரண்டாம் நாள் வண்டி சீறிக்கொண்டு கிளம்பி, நேற்று நின்ற இடத்தைச் சற்றே தாண்டி நின்றது. வேகம் கூடியதே தவிர, டேங்க்கில் இருந்தது அதே பெட்ரோல்தான். "நான் சொன்னேன்ல" என்று அவன் சொல்லவில்லை, முகம் சொன்னது.

'எர்ன் டு டை' என்ற இந்த விளையாட்டைச் செய்தது டாஃபி கேம்ஸ். வெளியிட்டது ஆஸ்திரேலியாவின் நாட் டாப்ளர். 2012 வாக்கில் பிரவுசரில் விளையாடக் கிடைத்து, பிறகு போனுக்கும் போய், பல பாகங்களாகப் பெருகியது. கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பாலைவனத்தில் மாட்டிக்கொண்டவனிடம் ஒரு ஓட்டை கார் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. தொலைவில் அவனைக் காப்பாற்ற ஹெலிகாப்டர் நிற்கிறது. இடையில் வழி நெடுக ஜாம்பிகள். பதிவிறக்கம் செய்ய எதுவும் வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். பக்கம் திறந்ததும் ஆடலாம். கீபோர்டில் நாலைந்து விசைகள் போதும்.

ஸ்டீயரிங் கிடையாது. இதை முதலில் நான் கவனிக்கவே இல்லை. வண்டியைப் பக்கவாட்டிலிருந்துதான் பார்க்கிறோம். அது இடமிருந்து வலமாக மட்டுமே போகும். இடம், வலம் அம்புகளை அழுத்தினால் வண்டி முன்னும் பின்னும் சாயுமே தவிர, ஒதுங்காது. எதிரே நிற்பவனைச் சுற்றிக்கொண்டு போக வழியே இல்லை. இடிப்பதா வேண்டாமா என்ற கேள்வியை விளையாட்டு உங்களிடம் கேட்பதே இல்லை. படம் வரைந்த கோணத்திலேயே அதை முடித்துவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்ட விளையாட்டு ஒன்று முன்பு இருந்தது. 1976-இல் அமெரிக்காவில் எக்ஸிடி என்ற நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற ஆர்கேட் பெட்டியைக் கொண்டுவந்தது. காசு போட்டு ஆடும் கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு பேர் ஆட இரண்டு ஸ்டீயரிங். திரையில் குச்சி மனிதர்கள் அங்குமிங்கும் ஓடுவார்கள். துரத்திப்போய் இடிக்க வேண்டும். இடித்தால் ஒரு கீச்சொலி கேட்கும், விழுந்த இடத்தில் ஒரு கல்லறைக் குறி முளைக்கும். அந்தக் குறி அங்கேயே நிற்கும், அடுத்த முறை உங்கள் வண்டிக்கே அது தடை. இடித்தவர் எண்ணிக்கை கூடக்கூட ஓட்டுவதற்கு இடம் குறைந்துகொண்டே வரும். அதைச் செய்தவர்கள் நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, வீடியோ கேமில் அப்படியொரு நீதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. பத்திரிகைகள் எழுதின, தொலைக்காட்சி பேசியது, சாலைப் பாதுகாப்பு அமைப்பு கண்டித்தது. வீடியோ கேமின் வன்முறை பற்றி அமெரிக்கா போட்ட முதல் பெரிய சண்டை இதுதான். எக்ஸிடி சொன்ன பதில்: அவை மனிதர்களே அல்ல, 'கிரெம்லின்' என்ற குட்டிச் சாத்தான்கள். ஆனால் உருவாக்கும்போது அந்தப் பெட்டிக்கு வைத்திருந்த பெயர் 'பெடஸ்ட்ரியன்', அதாவது பாதசாரி. படம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது.

இருபத்தோரு ஆண்டு கழித்து இதே நாடகம் இங்கிலாந்தில் நடந்தது, இம்முறை சட்டப்படி. வைட் தீவில் இயங்கிய ஸ்டெயின்லெஸ் என்ற சிறு குழு 'கார்மகெட்டன்' என்ற விளையாட்டைச் செய்தது. பந்தயத்தில் முந்தியும் ஜெயிக்கலாம், எதிரி வண்டிகளை நொறுக்கியும் ஜெயிக்கலாம், வழியில் போகிறவர்களை எல்லாம் அடித்துத் தள்ளியும் ஜெயிக்கலாம். 1997-இல் பிரிட்டிஷ் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. வெளியீட்டாளர் எஸ்.சி.ஐ. என்ன செய்தார்கள் தெரியுமா? பாதசாரிகளை ஜாம்பிகளாக மாற்றி, சிவப்பு ரத்தத்தைப் பச்சையாக்கிக் கடைக்கு அனுப்பினார்கள். அதே தெரு, அதே கார், சக்கரத்துக்கு அடியில் அதே சத்தம். விற்பனைக்குத் தடை இல்லை. ஜெர்மனிக்குப் போன பிரதியில் அவர்கள் ரோபோக்கள். ரத்தத்துக்குப் பதில் எண்ணெய் ஒழுகியது. மேல்முறையீட்டில் நிறுவனம் ஜெயித்து, சுமார் பத்து மாதம் கழித்துச் சிவப்பு ரத்தம் திரும்பி வந்தது தனிக்கதை.

ஒரு பச்சைப் பெயின்ட் டப்பாவில் முடிந்த அந்த வேலைதான் இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தது என்று நான் நினைக்கிறேன். ஜாம்பியைப் பூதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். வண்டி ஓட்டும் விளையாட்டில் அவன் ஒரு அனுமதிச் சீட்டு. மனித உருவம்தான், இடிக்கலாம். கேஸ் இல்லை, இழப்பீடு இல்லை, இரவில் தூக்கம் கெடுவதும் இல்லை. ஏற்கெனவே செத்தவனை எப்படிச் சாகடிக்க முடியும்?

இந்த வசதியை நம்மூர்ப் பேய் தராது. தமிழ் சினிமாப் பேய்க்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, யாரோ ஏமாற்றிய கதை உண்டு. இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிட ஃப்ளாஷ்பேக் உண்டு. அதைப் பார்த்த பிறகு யாருக்கு அதன்மீது காரை ஏற்ற மனம் வரும்? ஜாம்பிக்கு ஃப்ளாஷ்பேக் கிடையாது. 2016-இல் ஜெயம் ரவி நடித்து சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய 'மிருதன்' தமிழில் ஜாம்பியை அறிமுகப்படுத்தியபோது, அதற்கொரு புதுச் சொல்லையே உண்டாக்க வேண்டியிருந்தது. நம்மிடம் இருந்த பேய், பிசாசு, காட்டேரி, முனி எதுவும் அந்த இடத்தில் உட்காரவில்லை.

உண்மையில் ஜாம்பிக்கும் ஒரு காலத்தில் ஃப்ளாஷ்பேக் இருந்தது, கொடுமையான ஃப்ளாஷ்பேக். ஹைட்டி, பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள் அங்கே உழைத்தே செத்தார்கள். செத்தால் விடுதலை, பிறந்த மண்ணுக்கு ஆவி திரும்பிவிடும் என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே ஆறுதல். அந்த ஆறுதலுக்கும் ஒரு பயம் இருந்தது: செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்கினால்? அந்தப் பயத்தின் பெயர்தான் ஜாம்பி. அவன் யாரையும் கடிக்க மாட்டான், வேலை மட்டும் செய்வான். 1932-இல் வந்த 'வொய்ட் ஜாம்பி' படத்தில் கூட ஜாம்பிகள் சர்க்கரை ஆலையில் பேச்சு மூச்சில்லாமல் செக்கு சுற்றுகிறார்கள்.

கடிக்கவைத்தவர் ஜார்ஜ் ரொமேரோ. பென்சில்வேனியாவின் எவன்ஸ் சிட்டி பக்கம் சுமார் 1,14,000 டாலரில் அவர் எடுத்து 1968-இல் வந்த 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. 'கூல்' என்பார்கள், பிணந்தின்னி. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லெட் சிரப் போதுமாக இருந்தது. படத்துக்கு முதலில் வேறு தலைப்பு. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது, பழைய தலைப்பு அட்டையில் இருந்த காப்புரிமை வரி புதிய அட்டையில் விடுபட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாவிட்டால் படம் பொதுச் சொத்து. ரொமேரோவுக்கு அதனால் போன காசு கொஞ்சநஞ்சம் அல்ல. தள்ளாடி நடக்கும், கூட்டமாக வரும், மனிதனைத் தின்னும் அந்த ஜாம்பி ஊர்ப் புறம்போக்கு நிலம் மாதிரி ஆகிவிட்டான். யார் வேண்டுமானாலும் வேலி போடாமல் பயிர் வைக்கலாம். காப்புரிமைக்கு வக்கீல் வைக்க வசதியில்லாத சின்ன கேம் கம்பெனிகள் வைத்தன.

அவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. இதை நிரல் எழுதுகிறவர்கள்தான் நன்றாக அறிவார்கள்: ஜாம்பிக்கு மூளை வேண்டாம். எதிரியாக ஒரு சிப்பாயை வைத்தால் அவன் ஒளிய வேண்டும், குறிபார்க்க வேண்டும், பயந்து ஓட வேண்டும். அத்தனையையும் எழுத வேண்டும். பிசகினால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் சிப்பாயைப் பார்த்து ஆடுகிறவன் சிரிப்பான். ஜாம்பி சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் அதுதான் ஜாம்பி. 'காரைப் பார்த்து மெதுவாக நட' என்ற ஒரே கட்டளையில் அவன் வேலை முடிந்தது.

மிச்ச உழைப்பு முழுக்க அவன் சிதறுவதில் இருக்கிறது. இந்த மாதிரி விளையாட்டுகளில் வழக்கமான உத்தி இது: அடிபடும்வரை ஜாம்பி கணினிக்கு ஒரே ஒரு செவ்வகப் பெட்டி. அதன்மேல் நடக்கிற மாதிரி ஒரு படம் ஓடும். பம்பர் தொட்ட கணத்தில் பெட்டி காணாமல் போய், அதே இடத்தில் தலை, உடல், மேற்கை, முன்கை, தொடை, கால் என்று கீல் வைத்து இணைத்த பொம்மலாட்டப் பொம்மை வந்து உட்காரும். வண்டியின் வேகத்தில் ஒரு பங்கு அதற்குப் போகும். விசை ஓர் அளவைத் தாண்டினால் கீல் கழன்றுகொள்ளும். எந்தக் கை எங்கே பறக்கும் என்று யாரும் முன்கூட்டி வரைந்து வைப்பதில்லை. நொடிக்கு முப்பது, அறுபது தடவை கணக்குப் போட்டு அப்போதைக்கப்போது தீர்மானமாகிறது. ஒரே மேட்டில் ஒரே ஆளை நூறு முறை இடித்தாலும் ஒருமுறை விழுந்தபடி இன்னொரு முறை விழுவதில்லை. சலிக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் புதிதாக எழுத வேண்டியிருந்தால் இப்படிப்பட்ட விளையாட்டுகள் இத்தனை வந்திருக்காது. எரின் காட்டோ என்ற நிரலாளர் 2006-இல் ஒரு கேம் மாநாட்டில் செய்துகாட்ட எழுதிய சின்ன நிரல் 'பாக்ஸ்2டி' என்று வளர்ந்தது, இலவசமாகவே விட்டார். 'ஆங்ரி பேர்ட்ஸ்' பறவைகள் பறப்பதும் இதில்தான். பிரவுசர் விளையாட்டு செய்கிறவர்களுக்காக வேறு சிலர் இதை 'ஃப்ளாஷ்' என்ற மென்பொருளின் மொழிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பாக்ஸ்2டியில் எனக்குப் பிடித்த ஓர் ஏற்பாடு உண்டு. அசையாமல் கிடக்கும் பொருளுக்கு வீணாகக் கணக்குப் போடக் கூடாது என்று அதைத் 'தூங்க' வைத்துவிடும். ஏதாவது வந்து முட்டினால் மட்டும் எழுப்பும். திரைக்குப் பின்னால் சிதறிக் கிடக்கும் கை கால்கள் எல்லாம் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்குகின்றன, கொஞ்ச நேரத்தில் அழிக்கப்படும்வரை. டெத் ரேஸில் முளைத்த கல்லறைக் குறி இங்கே இல்லை. சாலை எப்போதும் சுத்தம்.

ஆறாம் நாள் நான் வழிக்கு வந்தேன். டேங்க். பிறகு டயர். பிறகு முன்னால் மாட்டும் முள் வைத்த இரும்பு. பட்டறைத் திரையில் வண்டி ஒரு பக்கமாக நிற்க, ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே விலை. இன்ஜின், கியர்பாக்ஸ், கூரையில் துப்பாக்கி, பின்னால் உந்தித் தள்ளும் பூஸ்டர். வாங்க வாங்கக் கார் அடையாளம் தெரியாமல் மாறியது. நாமக்கல் பட்டறையில் வெறும் சேஸிஸாக நுழைந்த லாரி பாடி கட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ருசி புரியும். சத்தியமாகச் சொல்கிறேன், ஓட்டுவதைவிட அங்கே நின்று யோசிப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. கையில் இருக்கிற காசுக்கு டயரா, கியரா? இன்றைக்குச் சின்னதாக ஒன்று வாங்குவதா, நாளையும் பழைய வண்டியிலேயே போய்வந்து பெரிதாக வாங்குவதா?

விளையாட்டின் சூட்சுமம் முழுக்க இந்தக் கடைக்கும் சாலைக்கும் நடுவே இருக்கிறது. நாளைக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை வடிவமைத்தவர் ஏறக்குறைய அளந்தே வைத்திருக்கிறார். அந்த மேடு ஏற இன்னும் ஒரு முழம் பெட்ரோல் இருந்தால் போதும் என்ற இடத்தில் வண்டி நிற்கும். தோற்றோம் என்று தோன்றாது. 'சே, இன்னும் கொஞ்சம்' என்றுதான் தோன்றும். இந்தக் கொக்கி புதிதல்ல. பறக்கத் தெரியாத பென்குயினைச் சரிவில் உருட்டி விட்டு, தூரத்துக்குக் காசு கொடுத்து, இறக்கை வாங்கவைத்த 'லேர்ன் டு ஃப்ளை' 2009-லேயே வந்துவிட்டது. பின்லாந்திலிருந்து 2012-இல் வந்த 'ஹில் கிளைம்ப் ரேசிங்' ஜாம்பியே இல்லாமல் இதைச் செய்துகாட்டியது. நம் வீடுகளில் அதை ஆடாத பிள்ளைகள் குறைவு. ஜாம்பி சேர்ந்ததும் என்ன கூடியது என்றால், பெட்ரோலைத் தின்னும் தடையும் அவன்தான், பெட்ரோலுக்குக் காசும் அவன்தான். இடித்தால் வேகம் குறையும், ஆனால் சில்லறை விழும். மணல் மேட்டை இடித்தால் யார் காசு தருவார்கள்?

பதினான்காம் நாள் வாக்கில் எனக்கு வேறொன்று உறைத்தது. காலையில் வண்டியை எடுக்கிறேன், ஓடுகிறேன், நிற்கிறேன், அன்றைய கூலி கைக்கு வருகிறது, கூலியை வண்டிக்கே செலவழிக்கிறேன், மறுநாள் காலையில் வண்டியை எடுக்கிறேன். ஹைட்டியின் அந்தக் கரும்பாலை ஜாம்பி நினைவுக்கு வந்தான். பக்கத்தில் ஒருவன் கண் இமைக்காமல் திரையைப் பார்த்தபடி "போலாம் மாமா, போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை.

இந்த விளையாட்டுகள் பிறந்த வீடு இப்போது இல்லை. 1996-இல் ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் என்ற பெயரில் தொடங்கி, அந்த ஆண்டே மேக்ரோமீடியா கைக்கு மாறி ஃப்ளாஷ் ஆகி, 2005-இல் அடோபியிடம் போன மென்பொருள் அது. ஒரு தனி ஆள் படமும் வரைந்து, நிரலும் எழுதி, ஒரே கோப்பாகக் கட்டி வலையில் போட்டுவிட முடிந்தது. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, ஐபோன் வாசலில் அதை ஏன் நிறுத்திவைத்தோம் என்று விளக்கினார். பாதுகாப்பு ஓட்டைகளும் பேட்டரி தின்பதும் அவர் சொன்ன காரணங்களில் அடக்கம், பொய் இல்லை. 2017-இல் அடோபி நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் கோப்புகளைத் திறக்கவே மறுத்தது. ஃப்ளாஷ்பாயின்ட் என்ற தன்னார்வக் குழு அதற்கு முன்பே விளையாட்டுகளை வாரிச் சேர்க்கத் தொடங்கியிருந்தது. ஃப்ளாஷ் பிளேயரைப் போல நடந்துகொள்ளும் 'ரஃபிள்' என்ற நிரல் பழைய கோப்புகளை இன்றைய பிரவுசரில் ஓட வைக்கிறது. செத்த மென்பொருளை எழுப்பி நடமாட விடுகிறார்கள் என்று எழுதக் கை பரபரக்கிறது; எல்லாரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள்.

எர்ன் டு டை போல நன்றாக ஓடியவற்றை உரிமையாளர்களே ஃப்ளாஷ் இல்லாமல் ஓடும் எச்.டி.எம்.எல்.5-க்கு மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் ஆடியது அதைத்தான். புதிதாக வரும் ஜாம்பி வண்டி விளையாட்டுகள் முப்பரிமாணத்தில், பெரும்பாலும் யூனிட்டி என்ற மென்பொருளில் செய்யப்படுகின்றன. ஆம்ஸ்டர்டாமின் போக்கி, பெல்ஜியத்தின் கிரேஸிகேம்ஸ் போன்ற தளங்களில் போய்ப் பாருங்கள். நாலைந்தை வரிசையாக ஆடினால் ஒன்று புரியும்: தலை சாய்த்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வரும் நடை எங்கேயோ பார்த்த நடையாகவே இருக்கும். மிக்சாமோ என்ற தளத்தில் ஜாம்பி நடை இலவசமாகக் கிடைக்கிறது. எடுத்துத் தங்கள் பொம்மைக்கு மாட்டிக்கொள்ளலாம். மிக்சாமோவை 2015-இல் வாங்கியது யார் என்றால், ஃப்ளாஷை மூடிய அதே அடோபி.

ஸ்டீயரிங் திரும்ப வந்துவிட்டது இவற்றில். ஒதுங்கிப் போகலாம். ஆனால் ஒதுங்கினால் காசு இல்லை. காசும் இப்போது இரண்டு வகை. இடித்துச் சம்பாதித்தது ஒன்று. 'விளம்பரம் பார்த்தால் இரட்டிப்பு' என்ற பொத்தானை அழுத்தி முப்பது நொடி சும்மா உட்கார்ந்து சம்பாதித்தது இன்னொன்று. 1976-இல் ஆடுகிறவன் பெட்டிக்குக் காசு போட்டான். இன்று அவன் போடுவது முப்பது முப்பது நொடிகளாக அவன் பொழுதை. அக்கா மகன் அந்த முப்பது நொடியில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறான். அவன் விளம்பரத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற ஊர் நமது. முதல் பலியைப் பழத்தோடு முடித்துக்கொள்ளும் அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு, மனிதனுக்குப் பதில் நிற்கும் ஜாம்பியை விளக்க வேண்டியிருக்காது.

அன்று இரவு பத்தரை மணிக்கு, எங்கள் இருபத்தோராம் நாளில், ஹெலிகாப்டர் இருக்கும் முனைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டோம். அக்கா உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. கடைசி மேட்டின் உச்சியைத் தொடும்போது முள் படுத்தது. நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இன்ஜின் சத்தம் நின்றது. வண்டி மட்டும் சரிவில் இறங்கிக்கொண்டே இருந்தது. இரண்டு பேர் மெதுவாக எதிரே வந்தார்கள், இடிபட்டார்கள், வேகம் குறைந்தது.

"முடிஞ்சிது. நாளைக்குப் பாத்துக்கலாம், படு" என்றேன்.

"இருங்க மாமா" என்று என் கையைப் பிடித்தான். "இன்னும் உருளுது."